வட்டியில் பிடித்த தொள்ளாயிரம்

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள், என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் டோக்கன் எத்தனை? ஐம்பத்திரண்டா. எனக்கு நாற்பத்தேழு. சாப்பாட்டு நேரம் இரண்டிலிருந்து இரண்டரை என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். இரண்டே முக்கால் ஆகிவிடும். மின்விசிறியை நிறுத்தாமல் போனார்களே, அதுவரைக்கும் நல்லவர்கள்.

நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்தீர்களா? கையில் அட்டையைப் பார்த்தேன், அதனால் கேட்டேன். நீங்கள் வட்டி கட்டுகிறவர், நான் வட்டி வாங்குகிறவள். முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே காரியத்துக்கு வந்த மாதிரிதான் இருக்கிறோம்.

எனக்குப் பெரிய காரியம் ஒன்றுமில்லை. வட்டியில் தொள்ளாயிரம் ரூபாய் பிடித்துவிட்டார்கள். அது ஏன் என்று தெரிந்துகொள்ள வந்தேன். தெரிந்தும்விட்டது. ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. போட்டால் பணம் எடுக்கலாம். வீட்டில் பேச்சியம்மாளுக்கு ஏழு நாளாகச் சம்பளம் நிற்கிறது. என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள். இன்றைக்குக் காலையில்கூட, "ஸ்கூல் பீஸுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்க்கா" என்றாள். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

பாஸ்புத்தகம் இப்போது யார் போடுகிறார்கள்? எல்லாம் செல்போனுக்கு வந்துவிடுகிறது. பூட்டிப் போட்டு வரும். திறப்பதற்கு, கணக்கில் முதல் பெயராக இருப்பவருடைய பெயரின் முதல் நாலு எழுத்தையும் பிறந்த தேதியையும் தட்ட வேண்டும். முதல் பெயர் என் வீட்டுக்காரர். எனக்கு இரண்டாவது இடம். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டிவிடுவேன். படித்தவள்தான், பி.ஏ. பொருளாதாரம். இருந்தாலும் வரவில்லை. மாதம் ஒரு தடவை விரலால்தான் சொல்கிறேன். நாலு இங்கிலீஷ் எழுத்து, பாதிப் பெயர்கூட இல்லை. உடனே திறந்துகொள்கிறது.

ஜூன் மாத அறிக்கையைத் திறந்தேன். வட்டி இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலு ரூபாய் வரவு. அடுத்த வரியிலேயே, அதே தேதியில், வரி என்று தொள்ளாயிரம் ரூபாய் பற்று. முதலில் எனக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தொள்ளாயிரம்தான்.

சேமிப்புக் கணக்கு வட்டியில் வங்கி வரி பிடிக்காது. நிரந்தர வைப்பு வட்டியில்தான் பிடிப்பார்கள், அதுவும் ஒரு அளவைத் தாண்டினால். இது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போது இதைத்தான் பேசுவார். ஒவ்வொரு ஏப்ரலிலும் பதினைந்து ஹெச் என்று ஒரு படிவம், வயதானவர்கள் தங்களுக்கு வரி வராது என்று எழுதிக் கொடுப்பது, அதை இரண்டு பேருக்கும் நிரப்பி, என் கையெழுத்துக்குப் பென்சிலால் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். நான் அந்தக் குறியின்மேல் போடுவேன். என்ன ஏது என்று படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அன்றைக்கு தினக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிவைத்துக் கணக்குப் போட்டேன். தொள்ளாயிரத்தை இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலால் வகுத்தால் நூற்றுக்கு முப்பத்தொன்றே கால் மாதிரி வருகிறது. இது என்ன அளவு? பத்து என்றால் புரியும், இருபது என்றால் புரியும். முப்பத்தொன்று சொச்சம் யாருக்கு உண்டு? இதற்கு முன்னால் வட்டி வந்த மார்ச் மாத அறிக்கையைத் திறந்தேன். மறுபடி நாலு எழுத்து, மறுபடி பிறந்த தேதி. மார்ச்சில் வட்டி முழுசாக வந்திருக்கிறது. ஒரு பைசா பிடிக்கவில்லை. ஆக மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் என்னமோ நடந்திருக்கிறது.

கல்லூரியில் எங்களுக்கு எஸ்தர் மிஸ் என்று ஒருவர் பாடம் எடுத்தார். ஒல்லியாக, எப்போதும் வெள்ளைப் புடவை. வட்டி என்றால் என்ன என்பதற்கு நாலைந்து விளக்கம் உண்டு என்று சொல்லிக் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதுவார். அதில் ஒன்று, வட்டி என்பது காத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி. இன்றைக்குச் செலவழிக்காமல் ஒருவன் காத்திருக்கிறான், அதற்குத்தான் அந்தப் பணம். எனக்குப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. பத்து மார்க்குக்கு எட்டு. மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் நிற்கிறது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மிஸ் ஞாபகம் வந்தது. காத்திருந்த கூலியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று சிரிப்புக்கூட வந்தது.

அவரிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? அவர் இங்கே இல்லை. பெர்த்தில் இருக்கிறார். ஆஸ்திரேலியா. எங்கள் மகள் சுபாஷிணி அங்கேதான். இரட்டைக் குழந்தை பிறந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆனித் தேர் பார்த்துவிட்டுக் கிளம்பினார், ஆறு மாதத்துக்கு. நானும் போவதாகத்தான் இருந்தது. இரண்டு டிக்கெட்டுக்கு விலை விசாரித்து, ஒன்று எடுத்தோம். அவருடைய அம்மாவை யார் பார்ப்பது? தொண்ணூற்றொரு வயது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார்கள். ஒருத்தர் இருந்துதானே ஆக வேண்டும்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. போகும் முன்னால் தூக்கி இறக்கும் கட்டில் வாங்கிப் போட்டார், காற்று மெத்தை வாங்கிப் போட்டார், எந்த மாத்திரை எந்நேரம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். சிவப்பு மை, நீல மை. அவ்வளவு ஒழுங்கு. ஆறு மாதம் ஒரு வருஷம் ஆனது. நடுவில் வந்தார், பதினெட்டு நாள். வீட்டுத் தீர்வையில் ஒரு திருத்தம் இருந்தது, அதை முடித்துவிட்டுப் போனார். அங்கே அவருக்கு மூச்சுத் திணறலே இல்லையாம். தூசி கிடையாது. காலையில் நாலு பேரோடு நடக்கப் போகிறார். வெண்டைக்காய் போட்டிருக்கிறார், படம் அனுப்புவார். கையில் வெண்டைக்காயை வைத்துக்கொண்டு நிற்பார். நம்மூர் வெண்டைக்காய் மாதிரியேதான் இருக்கிறது.

அத்தை தினமும் கேட்பார்கள். "ஏளா உலகு, அவன் வந்துட்டானா?" என் பெயர் உலகம்மாள், வீட்டில் உலகு. "தீபாவளிக்கு வந்திருவாங்க அத்தை" என்பேன். தீபாவளி போனால் பொங்கல். பொங்கல் போனால் சித்திரை விசு. அவர்களுக்கு மறதி உண்டு, எனக்கு அது சௌகரியம். எப்போதாவது ஒரு நாள் தெளிவாக இருப்பார்கள். "நீ போன தடவையும் இதைத்தானளா சொன்ன?" என்று என் முகத்தையே பார்ப்பார்கள். அந்த மாதிரி நாளில் நான் காபி போடப் போய்விடுவேன்.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். ஜூலை ஒன்றாம் தேதி பேச்சியம்மாளுக்குப் பதினாலாயிரம் எடுக்க ஏ.டி.எம்.முக்குப் போனேன். கார்டைத் துப்பிவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி துப்பியது. பின்னால் நின்ற ஆள், "பாட்டி, மூணாவது தடவை போடாதீங்க, முழுங்கிரும்" என்றான். அப்போதும் நான் என்ன நினைத்தேன்? பதினைந்து ஹெச் கொடுக்காமல் விட்டுவிட்டேன், அதனால்தான் வரியும் பிடித்து, கார்டையும் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளே படிவத்தை வாங்கி நிரப்பி, நானே பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் நானே கையெழுத்தும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது கவுண்டரில் மெர்லின் என்று ஒரு பெண். நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "அம்மா, இந்தக் கணக்குக்கு பதினஞ்சு ஹெச் செல்லாதும்மா."

"ஏன் செல்லாது? எனக்கு அறுபத்தாறு வயசு ஆகுது."

"உங்க வயசு இல்லம்மா. முதல் பேர் சாருதுல்லா? சார் வெளிநாட்டுல குடியிருக்காங்கன்னு கணக்கை மாத்தியாச்சு. வெளிநாட்டுல இருக்கிறவங்க கணக்குன்னா சேமிப்பு வட்டியிலயும் வரி பிடிப்போம்."

"தப்பா மாத்தியிருப்பீங்க. அவங்க மகளைப் பாக்கத்தான் போயிருக்காங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பணம் கட்ட நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் சும்மா விடவில்லை. யாரைக் கேட்டு மாற்றினீர்கள், மேனேஜர் எங்கே, முப்பத்தைந்து வருஷக் கணக்கு இது என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை பேசாமல் எழுந்துபோய் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்தது.

அவர் கையெழுத்து. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். கடைசி எழுத்தைக் கீழே இழுத்து ஒரு புள்ளி வைப்பார். இங்கிலீஷில் இருந்ததை மெர்லின் விரல் வைத்துத் தமிழில் சொன்னது. "வெளிநாட்டில் காலவரையறை இல்லாமல் தங்கும் எண்ணத்துடன் வசிக்கிறேன்." இன்னொரு தடவை சொல்லும்மா என்றேன். இன்னொரு தடவையும் சொன்னது. காலவரையறை இல்லாமல். தேதி ஏப்ரல் ஒன்று.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஏப்ரல் ஒன்றாம் தேதி ராத்திரி பேசினாரே, அன்றைக்கு என்ன பேசினோம் என்று யோசித்தேன். வெண்டைக்காயில் பூச்சி விழுந்ததைப் பற்றிப் பேசினோம். வேப்பெண்ணெய் கரைத்து அடியுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அன்றைக்குச் சாயந்தரமே போன் போட்டேன். கேட்க நினைத்து வைத்திருந்தது வேறு என்னவோ. என்னவென்று இப்போது சரியாக ஞாபகமில்லை. வாயில் வந்தது இதுதான். "ஏங்க, சேமிப்புக் கணக்கு வட்டியில வரி எப்படிப் பிடிக்கலாம்?"

"நல்ல கேள்வி" என்றார். குரலே தெளிந்துவிட்டது. நான் இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்கும். "எழுதிக்கோ. இந்த வகைக் கணக்குல அஞ்சு ரூவா வட்டி வந்தாலும் பிடிப்பான். வயசுச் சலுகை கிடையாது. முப்பது பெர்சென்ட். அந்த முப்பதுக்கு மேல நாலு பெர்சென்ட் செஸ். முப்பதுல நாலு பெர்சென்ட் எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"கரெக்ட். அப்ப மொத்தம்?"

"முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"பாத்தியா, நீயே சொல்லிட்ட. பொருளாதாரம் படிச்சவ சும்மாவா?" சிரித்தார். பின்னால் குழந்தைகள் சத்தம். தாத்தா தாத்தா என்று கூப்பிடுவது கேட்டது. "பிடிச்ச பணம் போயிட்டதா நினைக்காத. வருமான வரிக் கணக்கு நான் இங்கிருந்தே தாக்கல் பண்ணிருவேன். எனக்கு வர வேண்டிய வரியைக் கழிச்சுக்கிட்டு மீதி திரும்பி வந்துரும். லேட்டானாலும் வந்துரும்."

இருபது நிமிஷம் விளக்கினார். அவ்வளவு பொறுமை. எத்தனை ஆண்பிள்ளைகள் பெண்டாட்டிக்கு இப்படி உட்கார்ந்து சொல்லுவார்கள்? கார்டு ஏன் நின்றது என்பதையும் சொன்னார். முன்னால் எங்கள் கணக்கு, இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவருக்கு என்று இருந்தது. சுபாஷிணி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஆரம்பித்த கணக்கு. இப்போது அப்படி வைக்க விதி இல்லையாம். முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவருக்கு மட்டும்தான், அவருக்குப் பிறகுதான் எஞ்சியவருக்கு. நடுவில் நான் எடுக்க வேண்டுமென்றால் அவர் எனக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் எழுதி அனுப்பிவிட்டார். "உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பெருக்கல் குறி போட்டிருக்கேன், பாரு."

"ஏப்ரல்லயே எழுதிக் கொடுத்தீங்களாமே" என்றேன்.

"நிதியாண்டுத் தொடக்கம்லா. அன்னைக்கு மாத்துனா கணக்கு சுத்தமா இருக்கும்."

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

குழந்தைகளை உள்ளே போய் விளையாடச் சொன்னார். அப்புறம் சொன்னார், "அங்க தங்குறதுக்கு அனுமதி வந்துட்டுது உலகு. வந்த பிறகு பேங்க்ல தகவல் சொல்லாம இருந்தா சட்டப்படி தப்பு. நாளைக்கு ஒரு கேள்வி வந்துரக் கூடாது பாரு."

அதுவும் சரிதானே? அவர் எப்போதும் அப்படித்தான். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம், ஒரு தணிக்கைக் குறிப்பு கிடையாது. வங்கியிடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்கு அதில் பெருமைதான்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுது" என்றேன்.

"அம்மா எப்படி இருக்கா?"

"இருக்காங்க. ஆடிப் பதினெட்டுக்கு நீங்க வருவீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சரி சரி" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொல்லி வைத்தாய் என்றும் கேட்கவில்லை. வெண்டைக்காய்க்கு வேப்பெண்ணெய் நல்லா கேட்டுது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்றைக்குக் காலையில் வந்து மெர்லினிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முப்பது, அதன்மேல் நாலு, முப்பத்தொன்று புள்ளி இரண்டு. "சூப்பர்மா, எங்க ஸ்டாஃப்லயே பாதிப் பேருக்கு இது தெரியாது" என்றது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? சார் அனுப்புன இந்த அதிகாரத் தாள்ல கையெழுத்துப் போட்டாலும் பணம் சாரோடதுதான், நீங்க எடுத்துக் கொடுக்கிற ஆள் மாதிரித்தான். அதுக்குப் பதிலா உங்க பேர்ல தனியா ஒண்ணு ஆரம்பிச்சிருங்க. மாசாமாசம் சாரை அதுல போடச் சொல்லுங்க. நூறு ரூவா வட்டி வந்தாலும் நூறும் உங்களுக்குத்தான். யாரும் பிடிக்க மாட்டாங்க."

"நான் எதுக்கும்மா தனியா?" என்றேன்.

அது என்னமோ தலையைக் குனிந்துகொண்டது. சின்னப் பிள்ளை, அதற்குப் போய் என்ன தெரியும். ஆனால் நான் ஒரு நல்ல கேள்வி கேட்டேன். அவர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார். "இதை மறுபடியும் பழையபடி மாத்த முடியுமா?" என்று கேட்டேன். "சார் இங்க திரும்பி வந்து தங்கிட்டாங்கன்னா மாத்தலாம்மா. அதுக்கு ஒரு ஃபாரம்தான்" என்றது. "அதையும் ஒண்ணு தா" என்றேன். "இப்ப எதுக்கும்மா?" என்றது. "இருக்கட்டுமே, இன்னொரு தடவை ஆட்டோ பிடிச்சு வரணும்லா" என்றேன்.

இதோ இதுதான். நீங்கள் வருவதற்கு முன்னால் இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிட்டேன். முகவரி, கணக்கு எண், பான் எண் எல்லாம் எனக்கு மனப்பாடம். பெயர்க் கட்டத்தில் அவர் பெயரை முழுசாக எழுதினேன். முழுசாக எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவர் கையெழுத்துக்குப் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருக்கிறேன். 'நிரந்தரமாகத் திரும்பிய தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள். அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் மூன்று. அன்றைக்குத்தான் ஆடிப் பதினெட்டு.

பென்சிலால் எழுதினால் வாங்க மாட்டார்களா? தெரியும். இன்றைக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்? இன்றைக்கு அந்த இன்னொன்றில்தான் கையெழுத்து. பென்சில் என்றால் தேதி தாண்டிப் போனாலும் அழித்துவிட்டு வேறு போடலாம், புது ஃபாரம் வேண்டாம். அத்தைக்கும் தீபாவளி எந்தத் தேதி என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

விளக்கு எரிகிறது. நாற்பத்தேழுதானே போட்டிருக்கிறார்கள்? கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியவில்லை. எனக்குத்தான். உங்கள் பேனாவைக் கொஞ்சம் தருகிறீர்களா? அங்கே கயிறு கட்டி வைத்திருப்பது எழுதாது. ஒரே ஒரு கையெழுத்துதான். எங்கே போட வேண்டும் என்று அவர் குறி போட்டிருக்கிறார்.